ஒரு துளிக் குருதியின் கணக்கு

நுழையும்முன்

காய்ச்சல் மூன்று நாள்களுக்குமேல் நீடித்தால் மருத்துவர் எழுதித்தரும் முதல் பரிசோதனை, பெரும்பாலும் இரத்தச் செல்களின் எண்ணிக்கையைக் கண்டறிவதாகவே இருக்கும். ஆய்வகம் தரும் சீட்டில் சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், தட்டணுக்கள் ஆகியவற்றின் எதிரே சில எண்கள் காணப்படும். அவ்வெண்கள் குறையும்போதும் கூடும்போதும் உடலுக்குள் நிகழ்வது என்ன? 1928இல் பம்பாய்க்கு வந்த ஓர் ஆங்கிலேயப் பெண் மருத்துவரும், சென்னையில் மருத்துவம் பயின்று அமெரிக்கா சென்ற ஓர் இந்தியரும் இவ்வினாவின் இரு முனைகளைத் தொட்டனர். இருவரையும் இணைத்தது கீரையில் உள்ள ஒரு சத்து. அதைப்பற்றியது இப்பாடம்.

எண்ணும் முறை

குருதி ஒரே செந்நிற நீர்மமாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், அதில் ஏறத்தாழப் பாதியளவு செல்களே. எஞ்சியது பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் நீர்மம். ஒரு கன மில்லிமீட்டர் என்பது குண்டூசித் தலையளவே ஆன குருதி. நலமான மனிதரிடம் அவ்வளவில் ஏறத்தாழ 45 முதல் 55 இலட்சம் சிவப்பணுக்களும், 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்களும், 1.5 முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்களும் உள்ளன. பெண்களின் சிவப்பணு எண்ணிக்கை ஆண்களைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்.

இவ்வளவு நுண்ணிய செல்களை எண்ணுவது எவ்வாறு? ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபீரோர்ட் 1852இல் நுண்ணோக்கியின் துணையால் குருதிச் செல்களை எண்ணிக் காட்டினார். ஆனால், அவருடைய முறை நெடுநேரம் பிடித்தது. பின்வந்தோர் கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகடு ஒன்றை வடிவமைத்தனர். குருதியை 200 மடங்கு நீர்க்கச் செய்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கே ஆழமுள்ள அத்தகட்டின் அறைக்குள் செலுத்துவர். பின்பு 80 சிறு கட்டங்களில் உள்ள சிவப்பணுக்களை மட்டும் எண்ணி, வரும் தொகையைப் பத்தாயிரத்தால் பெருக்குவர். நுண்ணோக்கியில் 500 செல்கள் தென்பட்டால் கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சம் என்பது கணக்கு. எண்ணுபவரின் கண் ஒரு செல்லைத் தவறவிட்டால் விடையில் பத்தாயிரம் குறையும்! 1953இல் வாலஸ் கூல்ட்டர் காப்புரிமை பெற்ற மின்கருவி வந்த பின்னரே இவ்வேலை நொடிகளில் முடியும் ஒன்றாயிற்று. இப்பாடத்தில் வரும் ஆய்வுகள் எல்லாம் அதற்கு முந்தியவை. அவற்றின் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் நுண்ணோக்கிமேல் கவிழ்ந்திருந்த ஒருவருடைய உழைப்பு உண்டு.

குறைவும் மிகுதியும்

குருதிச் செல்கள் நிலையானவை அல்ல. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். தட்டணு பத்து நாள்களுக்குமேல் நிலைப்பதில்லை. வெள்ளையணுக்களுள் பெரும்பான்மையான நியூட்ரோஃபில்கள் குருதியில் ஒரு நாளளவே உலவுகின்றன. அழிபவற்றுக்கு ஈடாக எலும்பு மஜ்ஜை ஓயாமல் புதியவற்றை ஆக்குகிறது. சிவப்பணுக்களை மட்டும் கணக்கிட்டால் நொடிக்கு 20 இலட்சத்துக்குமேல் பிறக்கின்றன. ஆகவே, சீட்டில் காணும் எண் ஒரு குளத்தின் நீர்மட்டத்தைப் போன்றது. வரத்துக் குறைந்தாலும் மட்டம் தாழும். மடை உடைந்தாலும் தாழும். எது நேர்ந்தது என்பதை மட்டத்தைக்கொண்டு மட்டும் கூறிவிட இயலாது.

சிவப்பணுக்கள் குறையும்போது குருதி சுமந்து செல்லும் ஆக்சிஜன் குறைகிறது. இந்நிலையே இரத்தசோகை. உடல் அதனை வாளாவிருந்து ஏற்பதில்லை. இதயம் விரைந்து துடித்து, இருக்கும் குருதியையே மீண்டும் மீண்டும் சுழலவிடுகிறது. மூச்சின் வேகம் கூடுகிறது. தோலுக்குச் செல்லும் குருதி குறைக்கப்பட்டு மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பப்படுகிறது. சோகையுற்றவர் முகம் வெளிறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்குகிறது. எண்ணிக்கை மெல்லமெல்லக் குறைந்தால் உடல் இவ்வாறெல்லாம் ஈடுகட்டிக்கொள்வதால், குருதியின் ஆற்றல் பாதியாகத் தேய்ந்த பின்னரும் சிலர் அன்றாட வேலைகளைச் செய்துகொண்டிருப்பர். படியேறினால் மூச்சிரைப்பதை வயதின்மீதும் வேலையின்மீதும் போட்டுவிட்டு, நோயை உணராமலே இருப்பர். இதயம் அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க இயலாமல் தளரும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. அது மிகவும் காலந்தாழ்ந்த வெளிப்பாடு.

மிகுதியும் நன்மையன்று. காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைந்த உயர்மலைகளில் வாழ்வோருக்குச் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஓரளவுவரை அது தகவமைப்பு. அளவு மீறினால் குருதி தடித்து, நுண்குழாய்களில் ஊர்ந்து செல்ல நேரிடுகிறது. தலைவலி, மயக்கம், குருதி உறைகட்டிகள் எனத் தொல்லைகள் தொடர்கின்றன. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைவாழ் மக்களிடம் இந்நோயைக் கண்டு, 1925இல் முதன்முதலாக விளக்கியவர் கார்லோஸ் மோன்ஹே என்னும் மருத்துவர்.

நோய்த்தொற்றின்போது வெள்ளையணுக்கள் கூடுவது இயல்பு. அவற்றுள் நியூட்ரோஃபில்களின் எண்ணிக்கை கன மில்லிமீட்டருக்கு 500க்கும் கீழே இறங்கினால், நலமானவரை ஒன்றும் செய்யாத நுண்ணுயிர்கூட உயிருக்கு இறுதியாகலாம். தட்டணுக்கள் மிகவும் குறைந்தால் தோலில் செம்புள்ளிகள் தோன்றும். ஈறுகளில் குருதி கசியும்.

எண் ஒன்று, பொருள் வேறு

எண்ணிக்கை என்பது செல்களின் மொத்தத் தொகை அன்று. குறிப்பிட்ட அளவு குருதியில் அவை எத்தனை என்னும் விகிதமே. ஆதலால் செல்கள் மாறாமல், நீர்மம் மட்டும் மாறினாலும் எண் மாறும்.

கருவுற்ற பெண்ணின் உடலில் சிவப்பணுக்கள் பெருகுகின்றன. ஆயினும், பிளாஸ்மா அதனினும் வேகமாகப் பெருகுவதால் எண்ணிக்கை குறைந்ததுபோல் தோன்றும். இது இயற்கையின் ஏற்பாடு, நோயன்று. டெங்குக் காய்ச்சலில் இதற்கு மாறானது நிகழலாம். நோய் கடுமையாகும்போது பிளாஸ்மா குழாய்ச் சுவர்களின் வழியே வெளியே கசிகிறது. குருதியில் செல்களின் பங்கு உயர்கிறது. அவ்வுயர்வு நலத்தின் அடையாளமன்று. உடல் அதிர்ச்சிநிலையை நெருங்குகிறது என்பதன் முன்னறிவிப்பு. டெங்கு என்றதும் வீட்டார் தட்டணு எண்ணிக்கையை மட்டுமே கேட்டு அஞ்சுகின்றனர். மருத்துவரோ அதனுடன் சிவப்பணுக்களின் பங்கையும் நோக்குகிறார்.

கருவுற்றோரிடம் காணும் இயல்பான குறைவு எது, நோயால் வந்த குறைவு எது எனப் பிரித்தறிய வேண்டிய தேவைதான் லூசி வில்சை இந்தியாவுக்கு அழைத்துவந்தது.

பம்பாயில் ஒரு தேடல்

1920களில் பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடுமையான சோகையால் இறந்தனர். அவர்களுள் நெசவாலைகளில் உழைத்த பெண்களும் மிகுதி. குருதியைச் சோதித்தபோது ஒரு விந்தை தெரிந்தது. சிவப்பணுக்களின் எண்ணிக்கை மிகவும் குறைந்திருந்தது. ஆனால், ஒவ்வொரு செல்லும் இயல்பைவிடப் பெரிதாக இருந்தது. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் செல்கள் சிறுத்து வெளிறும். இங்கே நிகழ்ந்தது நேர்மாறு. இரும்புச்சத்தால் இந்நோய் தீரவில்லை.

இதனை ஆராய 1928இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வந்தார் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்றபின் மருத்துவம் பயின்றவர். முதலில் தொற்றோ என ஐயுற்று நோயாளிகளைச் சோதித்தார்; அதற்குச் சான்று கிட்டவில்லை. பின்பு அவர்களின் அடுக்களைப் பக்கம் திரும்பினார். அவர் மருத்துவராக மட்டும் இருந்திருந்தால் அந்தத் திருப்பம் நேர்ந்திருக்குமா என்பது ஐயமே. நோயுற்ற பெண்களின் உணவில் புரதமும் கனியும் காயும் அரிதாக இருந்தன.

அதே உணவை அவர் எலிகளுக்குக் கொடுத்தார். சினையுற்ற எலிகள் சோகையுற்று மடிந்தன. உணவோடு ஈஸ்ட் சேர்த்தபோது பிழைத்தன. (எலிகளின் சோகையில் பேன் வழியே பரவிய ஒரு தொற்றுக்கும் பங்கிருந்தது எனப் பின்னர்த் தெரியவந்தது. ஆயினும் ஈஸ்ட் என்னும் தடம் சரியானதாகவே அமைந்தது.) குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னையில் மக்கள் கோஷா மருத்துவமனை என்றழைத்த, இன்றைய அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் அவருடைய பணி தொடர்ந்தது.

ஈஸ்டிலிருந்து வடிக்கப்பட்ட மார்மைட் என்னும் கரிய பசை, இங்கிலாந்தில் ரொட்டியின்மேல் தடவி உண்ணப்படும் மலிவான பொருள். அதனை அவர் நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாள்களிலேயே பசி திரும்பியது. குருதியில் இளஞ்சிவப்பணுக்கள் திரண்டு வந்தன, எண்ணிக்கை ஏறியது. இம்முடிவை 1931இல் அவர் வெளியிட்டார். குரங்குகளிடம் செய்த பிற்கால ஆய்வுகளும் இதனை உறுதிசெய்தன.

அக்காலத்தில் இத்தகைய பெருஞ்செல் சோகைக்கு ஈரல் சிறந்த மருந்தாகக் கருதப்பட்டது. வில்ஸ் இங்கும் நுட்பமாக ஒன்றைக் கவனித்தார். தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு அவருடைய நோயாளிகளைக் குணப்படுத்தியது. நன்கு தூய்மைப்படுத்திய சாறோ பயனளிக்கவில்லை. எனவே, தூய்மைப்படுத்தும்போது நீங்கிவிடும் இன்னொரு சத்து ஈரலிலும் ஈஸ்டிலும் இருக்க வேண்டும் என முடிவுசெய்தார். அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. பிறர் அதனை ‘வில்ஸ் காரணி’ என்றனர்.

இலையிலிருந்து வந்த பெயர்

1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவர் ஏறத்தாழ நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து மிகச் சிறிதளவு அமிலம் ஒன்றைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் ‘ஃபோலியம்’ என்னும் இலத்தீன் சொல்லால் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். வில்ஸ் தேடிய காரணி அதுவே.

ஒரு செல் இரண்டாகப் பிரியவேண்டுமாயின் முதலில் தன் டி.என்.ஏ.வை இரட்டிக்க வேண்டும். டி.என்.ஏ.வின் ஆக்கக்கூறுகளுள் ஒன்றான தைமினை உருவாக்க ஃபோலிக் அமிலம் தேவை. அது போதாதபோது, மஜ்ஜையில் வளரும் செல் பிரியவேண்டிய வேளையில் பிரிய இயலாமல் நிற்கிறது. ஆயினும், அதன் உடற்பகுதி வளர்வதை நிறுத்துவதில்லை. நான்கு செல்களாக வேண்டியது ஒரே பெருஞ்செல்லாகப் பருத்துவிடுகிறது. அவற்றுள் பல மஜ்ஜையிலேயே மடிகின்றன. பம்பாய்ப் பெண்களின் குருதியில் செல்கள் குறைந்தும் பருத்தும் காணப்பட்டதன் மறைபொருள் இதுதான். பற்றாக்குறை முற்றினால் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும்கூடக் குறையும்; ஏனெனில் அவையும் விரைந்து பிரியும் செல்களின் வழிவந்தவையே. கருவில் வளரும் குழந்தையின் செல்களும் ஓயாது பிரிவதால் தாயின் இருப்பு விரைவில் கரைகிறது. உடலில் இச்சத்தின் சேமிப்பு சில மாதங்களுக்கே போதுமானது.

தெரியுமா?

கீரை வகைகளிலும் பயறு, கொண்டைக்கடலை போன்றவற்றிலும் ஃபோலிக் அமிலச் சத்து மிகுதி. அது நீரில் கரையும், வெப்பத்தால் சிதையும். கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துவிட்டால் சத்தின் பெரும்பகுதி நீரோடு போய்விடும். பள்ளிகளில் வாரந்தோறும் வழங்கப்படும் நீலநிற மாத்திரையில் இரும்புச்சத்தோடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்துள்ளது.

சுப்பாராவின் ஆய்வுக்கூடம்

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895இல் பீமவரத்தில் பிறந்தார். அவருடைய உடன்பிறந்தோர் இருவர் சில நாள்கள் இடைவெளியில் இறந்தனர். அவர்களை வீழ்த்தியது ஸ்புரூ என்னும் குடல்நோய். அந்நோயில் குடல் உணவுச்சத்துகளை ஈர்க்கும் திறனை இழப்பதால் பெருஞ்செல் சோகை உண்டாகும். சுப்பாராவும் அந்நோய்க்கு ஆளாகி மீண்டவரே. சென்னை மருத்துவக் கல்லூரியில் அவர் பயின்ற காலம் விடுதலைப் போராட்டக் காலம். கதர் ஆடையோடு அறுவைக்கூடத்துக்குள் சென்றது பேராசிரியரின் சினத்துக்கு இடமாயிற்று, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. 1922இல் அவர் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டில் பல்லாண்டு ஆய்வுசெய்தபின் 1940இல் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. சோகையுற்றோருக்கும் ஸ்புரூ நோயாளிகளுக்கும் அம்மருந்து பயனளித்தது. தம் குடும்பத்தில் இருவரைப் பறித்த நோய்க்கு அவருடைய ஆய்வுக்கூடத்திலிருந்தே மருந்து பிறந்தது.

கதை இத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால், அதே பொருள் மற்றொரு நோயில் தீங்கு விளைவித்தது.

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய சிட்னி ஃபார்பர், இரத்தப்புற்றுநோயால் மடியும் குழந்தைகளை நாளும் கண்டவர். இந்நோயில் மஜ்ஜை முதிராத வெள்ளையணுக்களைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. அவற்றின் எண்ணிக்கை இலட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. அவ்வளவு வெள்ளையணுக்கள் இருந்தும் குழந்தை சிறு தொற்றுக்கும் இரையாகும். பெருகியவை யாவும் கதிர் விடாத வெறும் தாள்கள் போன்றவை. தொற்றை எதிர்க்கும் பக்குவத்தை எட்டாதவை. களை மண்டிய வயலில் நெல்லுக்கு இடமில்லாததுபோல், மஜ்ஜையில் சிவப்பணுக்களுக்கும் தட்டணுக்களுக்கும் இடமில்லாமற்போகிறது. ஆகவே, ஒரு வரியில் எண் ஏறும்போதே மற்ற இரு வரிகளில் இறங்குகிறது. குழந்தை வெளிறும், குருதி கசியும்.

சோகையில் மஜ்ஜையைச் சீராக்கிய ஃபோலிக் அமிலம் இங்கும் உதவக்கூடும் எனக் கருதிய ஃபார்பர், அதன் வகைகளைச் சில குழந்தைகளுக்குச் செலுத்தினார். மஜ்ஜையைச் சோதித்தபோது நோய் தணியவில்லை, விரைவடைந்திருந்தது. புற்றுச்செல்களும் பிரியும் செல்களே. அவற்றுக்கும் அச்சத்து உணவாயிற்று. நோயை முடுக்கிய பொருளைத் தடுத்தால் நோயும் தளரவேண்டும் அல்லவா என அவர் எண்ணினார். அத்தகைய தடுப்பான்கள் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் உருவாகியிருந்தன. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். ஃபோலிக் அமிலத்தின் அமைப்பில் ஓரிடத்தில் ஆக்சிஜனுக்கு மாற்றாக நைட்ரஜன் கொண்டது அது. பூட்டுக்குள் நுழைந்து, திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் போலிச்சாவியைப்போல் அது செல்லை ஏமாற்றியது.

1947 டிசம்பர் இறுதியில் ஒரு குழந்தைக்கு அம்மருந்து தொடங்கப்பட்டது. ஏறிக்கொண்டிருந்த வெள்ளையணு எண்ணிக்கை நின்றது, பின்பு இறங்கியது. 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையின்படி, மருந்து பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. அது சில மாதங்களே நீடித்தது, நோய் திரும்பியது. மருத்துவ உலகில் பலர் நம்பவில்லை. ஆயினும், குழந்தைகளின் இரத்தப்புற்றை ஒரு வேதிப்பொருள் பின்வாங்கச் செய்தது அதுவே முதன்முறை. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53ஆம் வயதில் காலமானார்.

அமினோப்டெரினுக்குப் பின் அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட் வழக்கிற்கு வந்தது. பிற மருந்துகளோடு அதனைச் சேர்த்து முறையாகத் தரும் இடங்களில், குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இரத்தப்புற்றுவகை இன்று பெரும்பாலும் குணமாகிறது.

ஆனால், அம்மருந்துக்குப் புற்றுச்செல் எது, நலமான செல் எது என்னும் வேறுபாடு தெரியாது. மஜ்ஜை முழுவதையும் அது வாட்டும். நியூட்ரோஃபில்கள் 500க்குக் கீழே செல்லும் நாள்களில் குழந்தை காய்ச்சலுறாமல் காக்கப்பட வேண்டும். தட்டணுக்கள் மிகவும் குறைந்தால் பிறர் தந்த தட்டணுக்கள் ஏற்றப்படும். மெத்தோட்ரெக்சேட்டை மிகுந்த அளவில் செலுத்தும்போது, குறித்த நேரம் கடந்ததும் லூக்கோவோரின் என்னும் மருந்து தொடங்கப்படுகிறது. அது ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவமே. போலிச்சாவி அடைத்த வழியைச் சுற்றிச்சென்று நலமான செல்களை மீட்கிறது. லூசி வில்ஸ் மார்மைட்டில் கண்ட அதே சத்து, இப்போது மணிக்கணக்கில் அளந்து ஊசிவழியே தரப்படுகிறது. பரிசோதனைச் சீட்டில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் மீண்டும் மேலேறத் தொடங்கிய பிறகே அடுத்த தவணைக்கு நாள் குறிப்பர்.